கள்ளுக்கடை வாசலில் உட்கார்ந்தவர்கள்

பெரியப்பா சம்சு குடித்தே செத்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, கடைசி இரண்டு மாதம் வீட்டு முன்கூடத்தில் பாயிலேயே கிடந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "தலையெழுத்து, என்ன செய்யறது?" "தோட்டத்துல பொறந்தவன் குடிக்காம இருப்பானா?" சொன்னவர்களில் பாதிப் பேர் அன்று சாயங்காலமே குடிக்கப் போனார்கள் என்பது வேறு கதை.

பாட்டி மட்டும் அழாமல் ஒன்று சொன்னார். "அந்தக் கடைய மூடணும்னு அப்பவே உக்காந்தாங்க. மூட விடல."

யார் உட்கார்ந்தார்கள், எந்தக் கடை, யார் மூட விடவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பையன் அதையெல்லாம் எங்கே கேட்பான்? பக்கத்து ஒட்டுக்கடையில் பாட்டில் விற்ற சீனக் கிழவரைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டி தென் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பிறகு நான் பல்கலைக்கழகத்துக்குப் போய், மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றைக் கொஞ்சம் படித்து, 1947, பீடோங், கள்ளுக்கடை மறியல் என்று மூன்று சொற்களை ஒரே பக்கத்தில் பார்த்தபோது பாட்டி இல்லை. அவர் சொன்னது இதைத்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள எனக்கு இனி வழியில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம்: தோட்டத் தமிழன் வாய் திறக்காதவன், கங்காணிக்கும் தொரைக்கும் கும்பிடு போட்டே வாழ்ந்தவன், யாராவது தலைவர் வந்துதான் அவனை எழுப்பினார். நானும் ஒரு காலத்தில் மேடையில் இப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலில் கள்ளுக்கடை என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். இன்றைய இளம் வாசகருக்கு அது ஏதோ மூலையில் இருந்த சாராயக்கடை மாதிரித் தோன்றலாம். அப்படியில்லை. அன்றைய பெரிய தோட்டங்களில் கோயில், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி போலக் கள்ளுக்கடையும் தோட்ட அமைப்பின் ஓர் உறுப்பு. உரிமம் அரசாங்கம் கொடுத்தது. கடை தோட்ட நிர்வாகத்தின் கையில். காலையில் இறக்கும் தென்னங்கள் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். விடியற்காலைப் பெரட்டில் நின்று, பால் வெட்டி, பால் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு அது தயாராகக் காத்திருக்கும். சம்பளத்தைக் கொடுத்தவரே, அதில் ஒரு பகுதியைச் சாயங்காலத்துக்குள் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. அரசாங்கத்துக்கும் இதில் வரி வருமானம்.

இந்தக் கணக்கில் இன்னும் கசப்பான ஒரு வரி இருக்கிறது. தோட்டக் கள்ளுக்கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கென ஒரு நிதியில் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. கோயில் திருவிழா, பள்ளிக்கூடச் செலவு போன்றவற்றுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அப்பன் குடித்த காசில் மகனுக்குச் சிலேட்டு! 'கடையை மூடுங்கள்' என்று யாராவது கேட்டால், 'மூடினால் உங்கள் திருவிழாவுக்குப் பணம் ஏது?' என்று கேட்க முடியும். நல்ல காரியத்தைக் கெட்ட காரியத்தோடு முடிச்சுப் போட்டு வைத்தால் அவிழ்ப்பவன்தான் குற்றவாளியாகத் தெரிவான். அந்த வெள்ளைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

அவர்கள் கையில் இன்னொரு வாதமும் இருந்தது. கள்ளை நிறுத்தினால் தொழிலாளி திருட்டுச் சம்சுவுக்குப் போவான், அது உயிரைக் குடிக்கும், கள்ளு எவ்வளவோ மேல் என்றார்கள். இந்த வாதத்தை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.

1920களின் இறுதியில் தோட்டக் கூலியாக நிர்ணயிக்கப்பட்டது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கூலியும் பொருளாதார மந்தத்தின்போது நிலைக்கவில்லை. இந்தக் காசில்தான் அரிசி, இந்தக் காசில்தான் கள்ளு. பால் மரத்தடியில் இரண்டு பேரும் ஒரே வேலை செய்தாலும், வீட்டுக்கு வந்து உலை வைக்கிறவள் ஒருத்தி. கடை மூடினால் முதலில் மிச்சமாவது அரிசிக்காசு. இது யாருக்கு முதலில் விளங்கியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கள்ளுக்கடையை மூடு என்ற குரல் 1947-இல் திடீரென்று முளைத்ததல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி... அதே பட்டியலில் கள்ளுக்கடையை மூடுவதும் இருந்தது. தொரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமையும் இருந்தது.

சைக்கிளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூலி உயர்வு கேட்பதைப் பொருளாதாரப் பாடத்தில் எழுதிவிடலாம். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவேன் என்று கேட்பதை எந்தப் பாடத்தில் எழுதுவது? இதைக் கேட்டவன் தலைவரின் மேடைப் பேச்சைக் கேட்டு இதைக் கண்டுபிடிக்கவில்லை. செம்மண் சடக்கில் ஒவ்வொரு நாளும் இறங்கி நின்று, ஒவ்வொரு நாளும் மனசுக்குள் எரிந்தவன் அவன்.

அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் 5 பேர் இறந்தார்கள். அடுத்த சில மாதங்களில் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

ஜப்பானியர் காலத்தை நம் எழுத்தாளர்கள் ஓரளவு எழுதிவிட்டார்கள். சயாம் மரண ரயிலுக்கு அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் அந்தத் தண்டவாளத்தில் போனார்கள். இன்னொரு பக்கம், 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு இந்திய தேசிய இராணுவத்தில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள். அந்த இராணுவம் போரில் வென்றதா தோற்றதா என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. நேற்றுவரை பெரட்டில் தலை குனிந்து நின்றவன் நெஞ்சை நிமிர்த்தி வரிசையில் நின்று பழகியிருக்கிறான். 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்து, பழைய லயத்து வீட்டையும் பழைய பெரட்டையும் பழைய கள்ளுக்கடையையும் அப்படியே திறந்தபோது அந்த ஆள் பழைய ஆளாக இல்லை.

இங்கேதான் தொண்டர் படை வருகிறது.

1946 வாக்கில் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் இளைஞர்கள் சிலர் ஒன்று சேர்ந்தார்கள். சீருடை போட்டார்கள். அணிவகுத்து நடந்தார்கள். கையில் கம்பு. முதல் வேலையாக எடுத்துக்கொண்டது கள்ளு. குடிக்காதே என்று வீடு வீடாகச் சொல்வது, கடை வாசலில் மறியல் செய்வது. அதோடு தோட்டத்துச் சுத்தம், பிள்ளைகளின் படிப்பு, கோயில் விஷயங்கள், ஆட்களுக்கு நடுவே வரும் தகராறுகள் என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார்கள். தோட்டம் தோட்டமாக இது பரவியது. சுங்கை பட்டாணி வட்டாரத்தில் தொழிற்சங்கம் எது, தொண்டர் படை எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்தன.

இவர்களுக்கு யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒரே ஊற்றைக் காட்ட முடியாது. அணிவகுப்பு போஸின் படையிலிருந்து. மறியல் காந்தியிடமிருந்து. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையும் கண்ணம்மையும் நின்றதும், பெரியார் தன் தோப்பில் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த கதைகள். அதே பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து போனபின் சுயமரியாதைப் பேச்சு இங்கேயும் ஊன்றிவிட்டது. காந்தியும் போஸும் பெரியாரும் தமிழ்நாட்டில் ஒரே மேடையில் நிற்கமாட்டார்கள். கெடாத் தோட்டத்துப் பையன் மூன்று பேரிடமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொள்கைத் தெளிவு இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். தேவை தெளிவாக இருந்திருக்கிறது.

பெயரைப் பாருங்கள். தொண்டர் என்றால் நமக்குக் கோயிலில் உழவாரம் பிடிக்கிறவர், மாநாட்டில் தண்ணீர் கொடுக்கிறவர். படை என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்தாலும் தமிழ்க் காதுக்கு அது பெரிதாக உறுத்தாது. ஆனால் போலீஸ்காரனும் தோட்டத் தொரையும் அந்த இரண்டாவது சொல்லைத்தான் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அப்போதுதான் போர் முடிந்திருந்தது. கையில் கம்போடு ஒரே தாளத்தில் நடக்கிற கறுப்பு ஆட்களைப் பார்த்து அவர்கள் பயந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தோட்டத்தில் உத்தரவு போடும் வாய் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் சட்டம். தகராறைத் தீர்க்கக் கிராணியிடம் போகாமல் ஆட்கள் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொண்டால் தொரை எதற்கு?

1947 தொடக்கத்தில் தென் கெடா கொதித்தது. வேலைநிறுத்தங்கள், மறியல்கள், கைதுகள். பிப்ரவரி கடைசியில் மோதல்கள் முற்றின. மார்ச் மாதத் தொடக்கத்தில் பீடோங்கில் போலீசார் கூட்டத்தை அடித்துக் கலைத்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தார். பலர் கைதாகி, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, சிறைக்குப் போனார்கள். ஏப்ரல் கடைசியில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அங்கேயும் ஒருவர் இறந்தார். ஏ. எம். சாமி உள்ளே போனார். சில மாதங்களில் தொண்டர் படை ஓர் அமைப்பாக இல்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில் அவசரகாலம் வந்து, இடதுசாரித் தொழிற்சங்கங்கள் தடை செய்யப்பட்டு, 1949 மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டபோது, கெடாவின் கள்ளுக்கடை மறியலை நினைக்க யாருக்கும் நேரமில்லை.

இந்தியா சுதந்திரம் வாங்கிய அதே ஆண்டில், அதற்குச் சில மாதங்கள் முன்னால், கள்ளு வேண்டாம் என்று சொன்னதில் தொடங்கிய ஒரு காரியத்தில் இரண்டு தமிழர்கள் இங்கே இறந்திருக்கிறார்கள். தோட்டத்துக்காரன் குடிகாரன் என்று இன்றும் சிரிக்கிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் எழுதவேண்டும். தொண்டர் படையைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. குடித்துவிட்டு வந்தவர்களைப் பிடித்து எல்லார் முன்னாலும் நிறுத்தித் தண்டித்தார்கள், சட்டத்தைக் கையில் எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அவர்கள்மேல் இருந்தது. குற்றம் சாட்டியவர்கள் தொரைமாரும் போலீசும் என்பதால் அதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இளைஞர்கள் கையில் கம்பும் உடம்பில் சீருடையும் வந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் பிற்காலத்தில் வேறு இடங்களில் பார்த்திருக்கிறோம். உரிமம் கொடுத்த அரசாங்கத்தை அடிக்க முடியாது. கடையை நடத்திய நிர்வாகத்தையும் அடிக்க முடியாது. அடிக்க முடிந்தது பக்கத்து வீட்டுக் குடிகாரனை. என் பெரியப்பா மாதிரி ஒருவரை. அவரை மரத்தடியில் நிறுத்தி வைப்பதைக் கற்பனை செய்து பார்த்தால் என் உடம்பு கூசுகிறது. அவரால் பெரியம்மா பட்ட அடிகள் நினைவுக்கு வந்தால் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைகிறது. இரண்டுமே உண்மை. இதற்குமேல் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆவணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நாட்களைப் பற்றி எழுத்தில் இருப்பதில் பெரும்பகுதி அடித்தவர்கள் எழுதி வைத்தது. 'கலகக் கும்பல்', 'தூண்டிவிடப்பட்டவர்கள்' என்ற வார்த்தைகளுக்கு இடையில் விரலை விட்டுத் தோண்டித்தான் மனிதர்களை எடுக்கவேண்டியிருக்கிறது. தூண்டிவிடப்பட்டார்கள் என்ற சொல் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. குடிகாரப் புருஷனுக்குச் சோறு வைத்துக் காத்திருந்தவளை வெளியிலிருந்து வந்து யார் தூண்டிவிட வேண்டும்? கைதானவர்களின் மனைவிமார் அந்த மாதங்களில் எதைத் தின்றார்கள் என்பதை ஒருவரும் எழுதவில்லை. மறியலில் நின்ற ஒரு பெண் தன் வாயால் சொன்னதாக ஒரு வரி கிடைத்தால் நான் பத்து அறிக்கைகளைக் கொடுத்துவிடுவேன்.

நான் இதையெல்லாம் படித்தது மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில். அங்கே தமிழ் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது அந்த அலமாரிகளுக்கும் ஒரு கதை உண்டு என்பது உறைத்தது. 1950களில், சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரப்போகிறது, அதில் தமிழா சமஸ்கிருதமா என்ற சர்ச்சை எழுந்தபோது, 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. கொடுத்தவர்களில் துறைமுகத் தொழிலாளியும் பால்வெட்டியும் உண்டு. 1956-இல் துறை வந்தது, தமிழ் வந்தது. பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூடப் பார்த்திராதவன் கொடுத்த வெள்ளி.

பணம் சேர்க்கத் தெரியாதவன், கையில் காசு வந்தால் கள்ளுக்கடைக்குப் போகிறவன் என்று சொல்லப்பட்ட அதே ஆள்தான் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டம் துண்டானால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார் என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். எழுதவேண்டியதுதான். ஆனால் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அரிசிப் பானைக்குள் இருந்த பத்து வெள்ளியை எடுத்து வந்தது யார்? சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். கெடா என்பது தற்செயலாகவும் இருக்கலாம். நான் அதைப் பெரிதாக்க மாட்டேன்.

கள்ளுக்கடைகள்? அவை இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்தன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, ஆட்கள் தாமான்களுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் போனபோது கூடவே சம்சுவும் போனது. சிறிய பாட்டில், மலிவு விலை, ஒட்டுக்கடையில் மைலோ டின்னுக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதற்கெதிராக ஆண்டுக்கணக்கில் எழுதியது, பேசியது. கள்ளை நிறுத்தினால் சம்சுவுக்குப் போவான் என்று அன்றைக்கு அதிகாரிகள் சொன்னார்களே, கள்ளை நிறுத்தாமலேயே சம்சுவுக்குப் போனோம். பெரியப்பா கள்ளில் ஆரம்பித்துச் சம்சுவில் முடித்தவர். இரண்டுக்கும் நடுவே யாரும் அவரை வழிமறித்து உட்காரவில்லை. உட்கார்ந்தவர்களை அதற்கு நாற்பது சொச்சம் வருஷத்துக்கு முன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை பீடோங் போனேன். சின்ன ஊர். கடை வரிசை, கோயில். பழைய சாலையோரத்தில் ஓர் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, கடைக்கார அம்மாவிடம் தொண்டர் படையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும்.

"என்னாது, கட்சியா தம்பி?"

"இல்லம்மா, அந்தக் காலத்துல கள்ளுக்கடைய மூடச் சொல்லி மறியல் பண்ணவங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். கரண்டியால் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்படி யாராச்சும் இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, பின்கட்டில் படுத்திருந்த யாரையோ, "ஏங்க, எந்திரிங்க, மணி பதினொன்னு ஆச்சு" என்று எழுப்பினார். பதில் வரவில்லை. அவர் இரண்டாவது முறை கூப்பிடவும் இல்லை. நான் இரண்டு வெள்ளியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, ஹார்வர்ட் தோட்டத்துக்கு எப்படிப் போவது என்று வழி கேட்டேன்.